சாயங்கால அளவு

சோபனாவின் வலிக்குத் தான் போகும் வழி மனப்பாடம். இடுப்பில் புறப்படும், இடது தொடையில் இறங்கும், கெண்டைக்காலில் கொஞ்ச நேரம் தங்கும், கடைசியில் சுண்டுவிரலுக்கு வந்து சேரும். அங்கே வந்துவிட்டால் அப்புறம் அந்தக் காலை நம்ப முடியாது. ஸ்கூட்டர் ஓட்டும்போது இதெல்லாம் நடந்து முடிய ஏழு கிலோமீட்டர் ஆகும். உமராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து துத்திப்பட்டு ஷூ கம்பெனிக்கும் ஏழு கிலோமீட்டர்தான். சுண்டுவிரலும் கம்பெனி கேட்டும் ஒரே நேரத்தில் வரும். இதை ஆறு வருஷமாகத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

அந்த அதிர்ஷ்டத்தில் கை வைத்தவர் கோதண்டராமன். கம்பெனியில் புது மாடல் ஷூக்களைத் தயார் செய்யும் சாம்பிள் ரூமுக்கு மேனேஜர். போன மாதம் ஓர் ஆர்டரில் இடது கால் ஷூ எல்லாம் குதிகாலைக் கடிக்கிறது என்று புகார் வந்தது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஷூ தயாராகும் லைனில் குறை பார்க்கும் செக்கராக இருந்த சோபனா மட்டும் அதைக் காலில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்க நடந்தாள். நடந்துவிட்டு வந்து, உள்துணியின் தையல் ஒரு நூல் உள்ளே தள்ளி விழுகிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். கோதண்டராமன் அன்றைக்கு அந்த ஷூவை வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"மாதனூர் தாண்டி புது யூனிட் போடுறோம் சோபனா. சாம்பிள் ரூம் அங்க போகுது. ஷூவ போட்டுப் பாத்து சொல்ல ஒரு ஆள் வேணும். நீங்க வரணும்."

"எப்போ சார்?"

"அடுத்த மாசம் ரெண்டாம் தேதி, காலைல எட்டரை. யோசிச்சு சொல்லுங்கன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்கு வந்து நின்னா அதான் பதில். வரலன்னா லிஸ்ட்ல அடுத்த பேரு."

இருபத்தாறு நாள் இருந்தது. சோபனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருஷமாக லைனில் நிற்கிறாள். லைனில் 'ஏன்' என்று கேட்டால் சூப்பர்வைசர் ஓடி வருவார், "ஏன்னு கேக்காத, எத்தனைன்னு சொல்லு" என்பார். சாம்பிள் ரூமில் 'ஏன்' என்று கேட்பதுதான் வேலையே. அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்க்காமல் அவள் நகர்ந்ததில்லை. இப்போது கதவே திறந்துகொண்டு கூப்பிடுகிறது. ஆனால் வீட்டிலிருந்து அந்தப் புது யூனிட் பத்தொன்பது கிலோமீட்டர். சுண்டுவிரலோ ஏழில் வந்து நிற்கும்.

கம்பெனி பஸ் அவள் ஊர்ப்பக்கம் வராது. டவுன் பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும், இரண்டிலும் நின்றுகொண்டே போக வேண்டும். அதைவிடப் பேஜார் பஸ்ஸின் படிக்கட்டு. அந்த உயரத்துக்கு இடது காலைத் தூக்கி வைப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். ஆக, இருப்பது அந்தச் சின்ன ஸ்கூட்டர்தான். பத்து வருஷத்துப் பழசு, சக்கரம் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம் பெரிசு.

அவள் கணவன் செந்தில்குமார் தோல் பதனிடும் ஷெட்டில், தோலைச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவன். காலையில் ஏழு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவான். விஷயத்தைக் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"வேலில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்காத சோபனா. நாப்பது நாள மறந்துட்டியா?"

மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வலி முற்றி நாற்பது நாள் படுக்கையில் கிடந்தாள். பாத்ரூமுக்குக்கூட அவன்தான் தூக்கிக்கொண்டு போனான், முகம் சுளிக்காமல். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் டிஸ்க் என்றார்கள், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். வண்டி ஓட்டலாமா என்று கேட்டதற்கு, "உங்க உடம்பு சொல்றத கேட்டு ஓட்டுங்க" என்றார் டாக்டர். அவள் உடம்போ வேளைக்கு ஒரு பேச்சுப் பேசுகிற உடம்பு.

"மறக்கலங்க. ஆனா ஏழுல வர்றது ஏன் ஏழுல வருது? அஞ்சுல ஏன் வரல, ஒம்போதுல ஏன் வரல? அத மட்டும் பாத்துட்டு விட்டுர்றேன்."

"வலிய போயி இன்னாத்த பாக்குறது?" என்றான். அவன் கவலை அவனுக்கு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் படுவதற்குப் பழமொழி யாரும் சொல்லி வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து சோபனா தன் ஸ்கூட்டரைச் செக்கிங் மேஜையில் வந்த ஷூவைப் போலப் பார்க்க ஆரம்பித்தாள். கம்பெனியில் குறை இருக்கும் இடத்தைக் காட்டச் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மிச்சமாகிப் போன ஒரு தாளை எடுத்து வந்தாள். ஓட்டும்போது எந்த இடம் எப்போது உறுத்துகிறதோ, இறங்கியதும் அங்கே ஓர் அம்பு. நான்கு நாளில் வண்டியில் பதினேழு அம்பு ஏறிவிட்டது.

கம்பெனிக்கு எதிரே தபரேஸின் மெக்கானிக் ஷெட். தாடியில் நரை விழுந்த மனுஷன், ரிப்பேர் இல்லாத வண்டியைக்கூட ஒரு தடவை உதறிப் பார்க்காமல் அனுப்பமாட்டான். சோபனாவின் வண்டியைச் சுற்றி வந்தான்.

"இன்னாக்கா இது, வண்டிக்கு அம்மை போட்டிருக்கு?"

"அதெல்லாம் எனக்கு வலிக்கிற எடம் பாய். ஒண்ணொண்ணா சரி பண்ணணும். ஆனா ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரு மாத்தம். எதனால கொறஞ்சதுன்னு எனக்குத் தெரியணும்."

தபரேஸுக்கு இந்தப் பேச்சு பிடித்துவிட்டது. இதுவரை வந்தவர்கள் எல்லாம் 'சவுண்டு வருது பாய், பாருங்க' என்றுதான் சொல்வார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு என்று எழுதிக் கொண்டுவந்த முதல் ஆள் இவள்தான்.

முதலில் ஸ்டாண்ட். நடு ஸ்டாண்டில் வண்டியை இழுத்துப் போடும்போதுதான் இடுப்பில் முதல் வெட்டு விழுகிறது, ஓட்டும்போது இல்லை. பக்க ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்தான், இழுக்கும் வேலையே போயிற்று. மறுநாள் காலை கம்பெனியைத் தாண்டியும் ஓட்டிப் பார்த்தாள், சுண்டுவிரல் ஏழிலிருந்து எட்டுக்குப் போயிருந்தது. அடுத்து, அடிபட்டுக் கிடந்த ஒரு பெரிய ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பின் ஷாக்கை மாட்டினான். எட்டு, பத்தாயிற்று. கைப்பிடியை இரண்டு இன்ச் உயர்த்தியதும் குனிவது நின்றது, பன்னிரண்டு. டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்ததில் வண்டி சாணியில் போவது போல ஆடியதுதான் மிச்சம். திரும்பவும் காற்றை அடித்துக்கொண்டார்கள்.

இந்த நாட்களில் சோபனா ஒரு விசித்திரத்தைக் கவனித்தாள். வலி குறையவில்லை. அது அதேதான். ஆனால் அதைப் பார்த்துப் பயப்படுவது குறைந்திருந்தது. கெண்டைக்காலுக்கு வந்துவிட்டதா, சரி, பள்ளிவாசல் தாண்டியா, தாண்டாமலா என்று கணக்குப் பார்க்கிற மும்முரத்தில் பயப்பட நேரம் இல்லை. உண்மையைச் சொன்னால் காலையில் வண்டி எடுக்க அவளுக்கு ஆசையாகவே இருந்தது.

பன்னிரண்டோடு கணக்கு நின்றுவிட்டது. மேற்கொண்டு என்ன செய்தாலும் அசையவில்லை. மிச்சமிருந்த அம்பெல்லாம் சீட்டில்தான் இருந்தது.

"சீட்டு என் வேல இல்லக்கா. ஆபாகிட்ட போங்க" என்றான் தபரேஸ்.

அவன் ஆபா, அதாவது அக்கா, பில்கிஸ். நாலாவது லைனில் மெஷின் ஓட்டுகிறவள். ஷெட்டுக்குப் பின்னால்தான் இருவருக்கும் வீடு. இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறாள். ஷூவின் மேல்தோல் வெட்டுவதிலும் அவள் கத்திக்கு ஈடு கிடையாது, ஆனால் லைனில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. சோபனா விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கை பரபரத்தது.

"கடைல விக்கிற சீட்டு யாருக்குத் தைக்கிறான்? யாருக்கும் இல்ல. உன் ஒடம்புக்கு அளவெடுத்து வெட்டணும் சோபனா. செருப்புக்குக் கால் அளவு எடுக்கல? அந்த மாதிரி."

"எதுல எடுக்குறதுக்கா?"

பில்கிஸ் சமையலறைக்குள் போய் மூன்று கிலோ கோதுமை மாவைப் பிசைந்து கொண்டுவந்தாள். பழைய சீட்டின் மேல் மாவைப் பரப்பி, மேலேயும் கீழேயும் பிளாஸ்டிக் தாள் போட்டு, "உக்காரு" என்றாள். ஷிப்ட் முடிந்து வந்த சாயங்காலம், மணி ஐந்தே முக்கால். சோபனா வண்டி ஓட்டுகிற தோரணையில் மாவின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எழுந்ததும் பில்கிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு, மாவில் விழுந்த குழிகளில் ஊசியை விட்டு விட்டு ஆழத்தை அளந்தாள். ஓர் அட்டையில் வரைந்து, எண்களைக் குறித்துக்கொண்டாள். மூன்று வகை ஃபோமை அடுக்கி, அந்தக் குழிகளை அப்படியே வெட்டி, மேலே மெத்தென்ற கறுப்புத் தோலை இழுத்துத் தைத்தாள். இரண்டு நாளில் சீட்டு தயார்.

அன்று சாயங்காலம் அதில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாளே, அதைச் சொல்லி முடியாது. ஏழு கிலோமீட்டரில் வலி தொடையைக்கூடத் தாண்டவில்லை. வீட்டைத் தாண்டி மேலும் ஆறு கிலோமீட்டர் சும்மாவே போய்த் திரும்பினாள். செந்தில்குமார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கடி போய்ட்டே?"

"சும்மாங்க. சும்மாதான் போனேன்" என்றாள். சும்மா வண்டி ஓட்டி எத்தனை வருஷம் ஆயிற்று!

மறுநாள் காலையில் அதே சீட்டில், அதே ரோட்டில், ஐந்தாவது கிலோமீட்டரிலேயே சுண்டுவிரல் வந்துவிட்டது. புளியமரத்தடியில் நிறுத்தி ஹேண்டிலில் தலை வைத்துச் சாய்ந்துவிட்டாள். பழைய சீட்டுக்கூட இந்தப் பாடு படுத்தியதில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தாள். சாயங்காலம் பயந்துகொண்டே வண்டி எடுத்தாள், மறுபடி சொர்க்கம். மறுநாள் காலை மறுபடி நரகம்.

இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்த ராத்திரி வெந்நீர்ப் பையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவளிடம் செந்தில்குமார், "போதும் விடும்மா. லைன் வேலையே இருக்கட்டும்" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளை உலுக்கியது. விட்டுவிடலாம் என்று அவளுக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் ஒரே சீட்டு காலையில் கடிக்கிறது, மாலையில் தாங்குகிறது. ஏன்? இது தெரியாமல் விட்டால் தூக்கம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்றொன்றாகக் கழித்தாள். ரோடு ஒரு பக்கம் சரிவாக இருக்குமோ? சாயங்காலத்தில், காலையில் போகும் திசையிலேயே ஓட்டிப் பார்த்தாள், வலிக்கவில்லை. திசை இல்லை. சாப்பாட்டுப் பையின் கனமோ? காலையில் பையே இல்லாமல் போனாள், வலித்தது. பையும் இல்லை. மாசி மாதத்துக் காலைக் குளிரில் ஃபோம் விறைத்துக்கொள்கிறதோ? பில்கிஸ் அதே ஃபோமில் ஒரு துண்டை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் அமுக்கிப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

"அப்போ சீட்டையே பாக்க வேண்டியதுதான்" என்றான் தபரேஸ். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்தான். சீட்டின் இரண்டு குழியிலும் ஒரே அளவு கட்டையை வைத்து, குறுக்கே இரும்பு ஸ்கேலைப் போட்டு, அதன் மேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழி இடது பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"வலது பக்கம் எறங்கியிருக்கு ஆபா. சீட்டு கோணல்."

பில்கிஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இருபத்திரெண்டு வருஷம்! என் கையில ஒரு நூல் தப்புன்னு எவனாவது சொல்லிருக்கானா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவளுக்கு உக்காரத் தெரியல, என் சீட்டு கோணலா?"

"ரசமட்டம் பொய் சொல்லாது ஆபா."

"என் அட்டையும் பொய் சொல்லாது!" உள்ளே போய் அளவு அட்டையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வீசினாள். மாவை என்ன செய்தாள் என்று சோபனா கேட்கவில்லை. அளவெடுத்த அன்றைக்கே ராத்திரி அந்த வீட்டில் சப்பாத்தி என்பது அவளுக்குத் தெரியும். அட்டை போதும். வலது குழி முப்பத்தொரு மில்லிமீட்டர், இடது குழி இருபத்து மூன்று. சீட்டில் அளந்தால் அதே முப்பத்தொன்று, அதே இருபத்து மூன்று. பில்கிஸ் ஒரு நூலும் தவறவில்லை.

"எழுதும்போது ரெண்டும் வேற வேறயா இருக்கேன்னு தோணலயாக்கா?" என்றாள் சோபனா.

"அளவெடுக்கும்போது நான் கேள்வி கேக்க மாட்டேன். கால் எப்பிடியிருக்கோ அப்பிடித்தான் எழுதணும்."

தபரேஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "எப்போ எடுத்தீங்க அளவு?"

"சாயங்காலம்" என்றார்கள் இரண்டு பேரும்.

"ஏன் சாயங்காலம்?"

இரண்டு பெண்களும் அவனை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஏன் சாயங்காலமா? அளவு சாயங்காலத்தில்தான் எடுப்பார்கள். நாள் முழுக்க நின்ற கால் மாலையில் வீங்கும். காலையில் அளவெடுத்தால் ஷூ மாலையில் கடிக்கும். ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், அப்புறம் அதை யாரும் யோசிப்பதில்லை. ஆம்பூர்ப் பக்கம் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெரியாதவன் மெக்கானிக்தான்.

"கால் வீங்கும், சரி" என்றான் தபரேஸ், தாடியைச் சொறிந்துகொண்டு. "இடுப்புக்கு வலி வந்தா இன்னா ஆவும்?"

சோபனா எழுந்து நின்றாள். அப்போதும் சாயங்காலம்தான். ஷெட் சுவரில் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். உடம்பு வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது பக்கம் வலிக்கிறது, அதனால் பாரத்தை வலது பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். அப்படித்தான் உட்கார்ந்தும் இருப்பாள். மாவு அதைத்தான் வாங்கிக்கொண்டது. பில்கிஸ் அதைத்தான் வெட்டினாள். எட்டு மணி நேரம் நின்று, வலித்து, கோணிப்போன உடம்புக்கு அளவாக ஒரு சீட்டு. அதனால்தான் மாலையில் சொர்க்கம். காலையில் அந்தச் சீட்டு அவளைப் பிடித்து வலது பக்கம் சாய்த்து, நேற்றைய சாயங்காலத்தை இன்றைக்குக் காலையிலேயே கொண்டுவந்து விடுகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பில்கிஸ் மட்டும் வெகுநேரம் சிரிக்கவில்லை. தப்பு தன் வெட்டில் இல்லை, தான் நம்பிய சாயங்கால விதியில் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

"காலைல எடுக்கலாம்" என்றாள் கடைசியில். "ஆனா நீ வண்டி ஓட்டிட்டு இங்க வந்தா கெட்டுடும். நான் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செந்தில்குமார்தான் துத்திப்பட்டுக்குப் போய், மாவு டப்பாவும் கையுமாக பில்கிஸைத் தன் பைக்கில் கூட்டி வந்தான். இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோபனா படுக்கையிலிருந்து எழுந்து, பல் தேய்த்து, நேராக வந்து மாவின் மேல் உட்கார்ந்தாள். எழுந்தாள். பில்கிஸ் ஊசியை விட்டாள்.

"இருபத்தாறு. இந்தப் பக்கம்... இருபத்தாறு."

"இன்னொரு தடவ பாருங்கக்கா."

பார்த்தாள். இருபத்தாறும் இருபத்தாறும். மூன்றாவது தடவையும் பார்க்கச் சொன்னாள் சோபனா. மாறவில்லை.

"அப்போ நான் கோணல் இல்லையா?" என்றாள். ஆறு வருஷமாக அவள் தன்னைப் பார்த்ததெல்லாம் கம்பெனி வாஷ்பேசின் கண்ணாடியில், ஷிப்ட் முடிந்து முகம் கழுவும்போதுதான். காலையில் அடுப்பையும் கடிகாரத்தையும் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். தன் உடம்பு இனி இப்படித்தான், ஒரு பக்கம் இடிந்த சுவர்தான் என்று அவள் முடிவு கட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

"காலைல நீ நேராத்தான் இருக்கே" என்றான் செந்தில்குமார், டீ டம்ளருடன் நின்றபடி. "தெனம் பாக்குறேனே. ராத்திரி நான் வரும்போதுதான் சாஞ்சி நிக்கிற."

"சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையே."

அவனை என்ன செய்வது! சோபனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பில்கிஸ் மாவை உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டே, "ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போடுங்க. இப்போ ஃபோம் வெட்டணும்" என்றாள்.

சீட்டைக் காலை அளவுக்கே வெட்டினாள். சாயங்காலத்துக்கு என்று எட்டு மில்லிமீட்டரில் ஆப்பு மாதிரி ஒரு சின்னத் திண்டு தைத்தாள். ஷூவுக்குள் போடும் மெத்தை அட்டை போல, வேண்டும்போது இடது பக்கம் ஒட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது பிய்த்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். பாக்கி இருந்த நாட்களில் சுண்டுவிரல் பதிமூன்று, பதினாலு என்று நகர்ந்தது. சனிக்கிழமை காலை பதினைந்தைத் தொட்டது. அதற்கு மேல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்தாள். பத்தொன்பதை ஒரு தடவைகூடத் தொடாமலே ரெண்டாம் தேதி வந்துவிட்டது.

காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினாள். செந்தில்குமார் அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு வாசலில் நின்றான். "போன கையில வச்சிக்கோ. எங்க நின்னாலும் கூப்புடு, நான் வர்றேன்" என்றான். நிற்காதே என்று அவன் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

ஆம்பூர் வரை பாட்டுப் பாடாத குறை. ஊரைத் தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஏறியபோது வலி தொடைக்கு வந்திருந்தது. பன்னிரண்டில் கெண்டைக்கால். பதினான்காவது கிலோமீட்டரில், சனிக்கிழமையைவிட ஒன்று முன்னாலேயே, சுண்டுவிரலில் அந்தக் குத்தல் வந்துவிட்டது. இன்னும் ஐந்து. அவ்வளவுதானா? ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். கால் தரையில் பாவவில்லை. போனை எடுத்தாள். செந்தில்குமாரின் பெயர் வரை போய்விட்டாள்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. பத்தொன்பதையும் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் என்று யார் சொன்னது? கோதண்டராமன் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை. செக்கர் புத்தி, பாஸ் அல்லது ரிஜெக்ட், நடுவில் ஒன்றும் கிடையாது. நின்றால் தோல்வி என்று இத்தனை நாளாக எழுதி வைத்திருந்தது அவளேதான். போனைப் பையில் போட்டாள். டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றாள். நாற்பதாவது லாரி போகும்போது குத்தல் அடங்கி, சுண்டுவிரல் அவளிடம் திரும்பி வந்தது. வண்டியை எடுத்தாள்.

எட்டு இருபதுக்குப் புது யூனிட்டின் வாசலில் வண்டியைச் சாய்த்தாள். இறங்கியவளால் நிமிர முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோதண்டராமன் எதிரே வந்தார்.

"வந்துட்டீங்களா! வாங்க, உள்ள போலாம்."

பத்தொன்பது வருஷத்தில் கம்பெனியில் பில்கிஸைத் தவிர ஒருவரிடமும் அவள் முதுகு வலி என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. படுக்கையில் கிடந்த நாற்பது நாளைக்கும் டைபாய்டு என்றுதான் லீவு லெட்டர் கொடுத்திருந்தாள். சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம். இப்போதும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் இந்த வாசலில் வந்து இறங்கப் போகிறவள், தினமும் பொய் சொல்ல முடியாது.

"சார், எனக்கு முதுகு வலி இருக்கு. ஆறு வருஷமா. வழில ஒரு தடவ நிறுத்தித்தான் வருவேன். எறங்கினா அஞ்சு நிமிஷம் இப்படியே நிக்கணும். அப்புறம் வேலைய ஒழுங்கா பாப்பேன்."

கோதண்டராமன் அவளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு இருபதுதான் ஆவுது. நில்லுங்க" என்றார்.

அவரும் நின்றார். சும்மா நிற்கத் தெரியாத மனுஷர். கண் வண்டியின் மேல் போயிற்று. கிட்டே வந்தார், தோலை அமுக்கிப் பார்க்கிற பழக்கத்தில் சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். குனிந்து தையலைப் பார்த்தார். குழியின் ஓரத்தில் விரலை ஓட்டினார்.

"இது யாரு வெட்டினது?"

"நாலாவது லைன் பில்கிஸ் சார். மாவுல அளவெடுத்து வெட்டினாங்க."

"மாவுலயா?" அவர் இன்னொரு தடவை அமுக்கினார். "லைன்ல இன்னா பண்றாங்க அவங்க?"

"ஒரே தையல் சார். இருபத்திரெண்டு வருஷமா."

"எனக்கு வெட்ட ஆள் இல்ல. இங்க வருவாங்களா?"

"அவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது சார்" என்றாள் சோபனா. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் அதுபாட்டுக்கு, "நான் பின்னாடி உக்கார வச்சி கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் யோசித்தாள். துத்திப்பட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஐம்பத்தெட்டு கிலோ ஜாஸ்தி. பின் ஷாக் தாங்காது, தபரேஸிடம் இறுக்கச் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் பதினான்கிலிருந்து எங்கே இறங்கும், பதினொன்றுக்கா, பத்துக்கா? ஏழரைக்கே கிளம்ப வேண்டுமோ? இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருக்குமோ? கால் இன்னும் முழுசாகத் திரும்பி வந்திருக்கவில்லை, ஆனால் சுண்டுவிரல் எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்துகொள்ள நாளைக் காலைவரை காத்திருக்க வேண்டுமே என்றுதான் அவளுக்கு இருந்தது.